ஓடை உள்ளே வரும் இடம்: ஒரு கற்பனை நகரின் மதிலை மறுபடி வரைந்த கதை

நாவல் எழுதும் நண்பர் ஒருவருக்கு ஒரு கற்பனை நகரத்தின் வரைபடத்தை வரைந்து கொடுத்தேன். இடைக்கால ஐரோப்பாவின் சாயலில் அவர் உருவாக்கிய உலகம். 20,000 பேர் வாழும் நகரம், பக்கத்தில் ஓர் ஆறு, மேற்கே குன்றுகள். கதையில் எதிரிப்படை இந்த நகரத்தை இரண்டு மாதம் முற்றுகையிடுகிறது. நான் வரைந்த முதல் படத்தில் மதில் ஒரு முழு வட்டம். அதில் சம தூரத்தில் 12 காவல் கோபுரங்கள், வெளியே நீல நிறத்தில் வளையமாக அகழி, நான்கு திசைக்கும் நான்கு வாசல், நட்ட நடுவில் அரண்மனை.

அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “அண்ணா, நான்தான் எதிரிப்படைத் தளபதின்னு வச்சுக்குங்க. எந்தப் பக்கம் அடிக்கணும்?”

என்னிடம் பதில் இல்லை. எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. மதிலின் எந்த இடம் வலுவானது, எந்த இடம் பயப்பட வேண்டியது என்று வரைந்த எனக்கே தெரியவில்லை என்றால், அந்த மதிலுக்குள் வாழ்கிறவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? கோட்டையை முற்றுகையிடுகிறவனுக்கு உழிஞை, உள்ளிருந்து காக்கிறவனுக்கு நொச்சி என்று இரண்டு திணை வைத்த மொழி நம்முடையது. நான் நொச்சி சூடியவனாக மட்டும் இருந்து வரைந்துவிட்டேன். உழிஞை சூடி வெளியே நின்று ஒரு தடவைகூட அந்த மதிலைப் பார்க்கவில்லை.

அதனால் ஓர் உண்மையான நகரத்தை எடுத்து, அதன் மதில் ஏன் அப்படி இருந்தது, எங்கே உடைந்தது என்று பார்த்த பிறகு மறுபடி வரையலாம் என்று முடிவு செய்தேன். எடுத்துக்கொண்டது கான்ஸ்டான்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த மதில் அது. எத்தனை பேர் முயன்றார்கள், எப்படித் தோற்றார்கள், கடைசியில் எப்படி ஜெயித்தார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. இப்போதும் போய் அதன் பக்கத்தில் நடக்கலாம்.

மதில் இல்லை, ஒரு பட்டை

நகரம் கிட்டத்தட்ட முக்கோண வடிவம். தெற்கே மர்மரா கடல், வடக்கே தங்கக் கொம்பு என்று அழைக்கப்படும் நீண்ட கடற்கழி. மேற்குப் பக்கம் மட்டும்தான் நிலம். அந்த நிலப்பக்கத்தை அடைக்க இரண்டாம் தியோடோசியஸ் பேரரசர் காலத்தில், கி.பி. 413 வாக்கில் பெரிய மதில் எழுந்தது. பேரரசர் அப்போது சிறுவன். வேலையை நடத்தியவர் ஆட்சியைக் கவனித்துவந்த அந்தேமியுஸ்.

வெளியிலிருந்து வருகிறவன் முதலில் சந்திப்பது சுமார் 20 மீட்டர் அகல அகழி. அகழியின் உட்கரையில் ஆள் மறைய ஒரு சிறு சுவர். அதற்குப் பின்னால் ஒரு திறந்த மேடை, அப்புறம் 8, 9 மீட்டர் உயர வெளிமதில். அதையும் தாண்டினால் 15 முதல் 20 மீட்டர் அகலமுள்ள இன்னொரு திறந்த வெளி. அதன் முடிவில்தான் உள்மதில்: உயரம் சுமார் 12 மீட்டர், கனம் சுமார் 5 மீட்டர், அதில் 96 கோபுரங்கள். உள்மதிலில் நிற்கிறவன் வெளிமதிலில் நிற்கும் தன் ஆட்களின் தலைக்கு மேலாக அம்பு விட முடியும். எதிரி வெளிமதிலைப் பிடித்தாலும் கிடைப்பது ஒதுங்க இடமில்லாத ஒரு சந்துதான்.

வரைபடம் போடுகிறவருக்கு இதில் முக்கியமான விஷயம் அகலம். அகழியின் வெளிக்கரையிலிருந்து உள்மதில் வரை கூட்டினால் 60 மீட்டருக்கு மேல் வருகிறது. 1:10,000 அளவுள்ள வரைபடத்தில் அது 6 மில்லிமீட்டர். நான் பேனாவால் போட்டிருந்தது ஒரே கோடு. அந்தப் பட்டைக்குள் வீடு கிடையாது, மரம் கிடையாது. அவ்வளவு நிலத்தைக் காலியாக வைத்திருக்க ஓர் அரசுக்கு அதிகாரமும் பணமும் வேண்டும். என் நண்பரின் நகரம் பேரரசின் தலைநகரம் இல்லை, ஒரு வணிக நகரம். அதனால் மூன்றடுக்கை அப்படியே எடுக்கவில்லை. ஒரே மதில், முன்னால் ஓர் அகழி, இரண்டுக்கும் நடுவே 10 மீட்டர் திறந்தவெளி என்று சுருக்கிக்கொண்டேன். ஆனாலும் அதைப் பட்டையாகத்தான் வரைந்தேன், கோடாக இல்லை.

அடுத்தது கோபுரங்களின் இடைவெளி. கான்ஸ்டான்டிநோபிளில் அது சராசரியாக 55 மீட்டர். கோபுரம் மதிலிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்பதன் வேலையே பக்கவாட்டில் அம்பு விடுவதுதான். மதிலின் அடியில் ஏணி சாத்துகிறவனை அதே மதிலின் மேலிருந்து அடிக்க வேண்டுமென்றால் தலையை வெளியே நீட்ட வேண்டும். பக்கத்துக் கோபுரத்திலிருந்தால் நேராகவே அடிக்கலாம். ஆகவே இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் நிற்கும் எதிரி இரண்டு பக்கத்து அம்புக்கும் எட்ட வேண்டும். வெளிமதிலின் கோபுரங்களை உள்மதிலின் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே வருமாறு மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்காதபடி. என் முதல் படத்தில் நாலரை கிலோமீட்டர் சுற்றளவுக்கு 12 கோபுரம் இருந்தது. அதாவது 375 மீட்டருக்கு ஒன்று. நடுவில் நிற்கிறவன் நிம்மதியாகச் சுவரைத் தோண்டலாம். 55 மீட்டர் கணக்கில் எனக்கு 82 கோபுரம் தேவைப்பட்டிருக்கும்.

நீர் மேடேறாது

முதல் படத்தின் மிகப் பெரிய தவறு நீல வளையம்தான். கான்ஸ்டான்டிநோபிளின் நிலப்பக்க மதில் கடல் மட்டத்தில் தொடங்கி மேடேறுகிறது, ஒரு தாழ்வில் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. அப்படிப்பட்ட நிலத்தில் வெட்டிய அகழியில் ஒரே மட்டத்தில் நீர் நிற்காது. எல்லாம் பள்ளத்துக்கு ஓடிவிடும். அதனால்தான் அங்கே அகழியின் குறுக்கே ஆங்காங்கே தடுப்புச் சுவர்கள் கட்டியிருந்தார்கள். ஏரியும் மதகும் பார்த்து வளர்ந்த நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கற்பனை வரைபடத்தில் கை தானாகவே நீல வளையம் போட்டுவிடுகிறது. அகழி நீர் இல்லாமலும் அகழிதான். ஏணியையும் சக்கரம் வைத்து உருட்டிவரும் முற்றுகைக் கோபுரத்தையும் மதிலுக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியாமல் செய்வதுதான் அதன் முதல் வேலை, அதற்கு வெறும் பள்ளமே போதும். புது வரைபடத்தில் ஆற்றை ஒட்டிய தாழ்வான 400 மீட்டரில் மட்டும் அகழிக்கு நீலம் கொடுத்தேன், மற்ற இடமெல்லாம் பழுப்பு.

சரி, குடிநீர்? கான்ஸ்டான்டிநோபிளின் கதையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுதான். நகரத்துக்குள் பெரிய ஆறு கிடையாது. வேலன்ஸ் பேரரசர் காலத்தில், 4ஆம் நூற்றாண்டில், தொலைவிலிருந்து கால்வாய் வழியாக நீர் கொண்டுவந்தார்கள். 626இல் அவார்கள் என்ற நாடோடி இனத்தார் முற்றுகையிட்டபோது அதைத் துண்டித்தார்கள். மறுபடி அது சரிசெய்யப்பட்டது 766இல், ஐந்தாம் கான்ஸ்டன்டைன் காலத்தில். இடைப்பட்ட 140 ஆண்டுகள் நகரம் செத்துப்போகவில்லை. தியோடோசியஸ் மதிலுக்கும் அதற்கு முந்தைய கான்ஸ்டன்டைன் மதிலுக்கும் நடுவே மேல் மூடாத மூன்று பெரிய நீர்த்தேக்கங்கள் இருந்தன. நகரத்துக்கு அடியில் தூண் நிறுத்திக் கட்டிய தொட்டிகள் ஏராளம். ஜஸ்டினியன் காலத்துத் தொட்டி ஒன்றில் மட்டும் 336 தூண்கள். மதிலுக்குள் தோட்டங்களும் வயல்களும் இருந்தன. ஆக, அந்த மதில் வீடுகளை மட்டும் சுற்றி வளைத்ததாக நினைக்கக் கூடாது. ஒரு முற்றுகைக்குத் தேவையான நீரையும் சோற்றையும் சேர்த்து வளைத்தது. என் வட்டத்துக்குள் அரண்மனை இருந்தது, கோயில் இருந்தது, சந்தை இருந்தது, ஒரு குளம் இல்லை.

ஆள் கணக்கு

கற்பனை வரைபடம் போடுகிற பெரும்பாலானோர் கல்லைப் பற்றி யோசிக்கிறார்கள், மேலே நிற்கப்போகிறவர்களை எண்ணுவதில்லை. நானும் எண்ணவில்லை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் நகரத்தின் வடிவமே மாறியது.

இங்கிலாந்தில் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஓர் ஆவணம், வெசெக்ஸ் அரசின் கோட்டை ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நிலம் ஒதுக்கப்பட்டது என்று பட்டியலிடுகிறது. அதில் ஒரு விதி: சுமார் 5 மீட்டர் மதிலுக்கு 4 ஆள். அதாவது ஆளுக்கு ஒன்றேகால் மீட்டர். வின்செஸ்டருக்கு 2,400 பேர் என்று கணக்கு. திருப்பிப் பெருக்கினால் வருவது 9,900 அடி மதில். வின்செஸ்டரின் பழைய ரோமானிய மதிலை அளந்தால் கிட்டத்தட்ட அதே நீளம். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து மதிலின் நீளத்தை ஆள் கணக்காக மாற்றியிருக்கிறார்கள்.

இதை எங்கள் நகரத்துக்குப் போட்டுப் பார்த்தேன். மதிலுக்குள் ஒரு ஹெக்டேருக்கு 125 பேர் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொண்டேன். நெருக்கமான பழைய நகரத்துக்கு இது பொருந்தி வரும் அளவு. 20,000 பேருக்கு 160 ஹெக்டேர். அது வட்டமாக இருந்தால் சுற்றளவு நாலரை கிலோமீட்டர். ஐந்தில் ஒருவர் மதிலில் நிற்கக்கூடியவர் என்றால் 4,000 பேர். 5,000 பேர் மட்டுமே வாழும் சிற்றூராக இருந்தால் 40 ஹெக்டேர், சுற்றளவு இரண்டேகால் கிலோமீட்டர், நிற்கக்கூடியவர் 1,000 பேர். மக்கள் தொகை நான்கு மடங்கு கூடினால் மதில் இரண்டு மடங்குதான் கூடுகிறது. சிற்றூரில் ஒவ்வொருவர் தலையிலும் விழும் மதில் நீளம் இரண்டு மடங்கு. சின்ன ஊரைச் சுற்றிப் பிரம்மாண்டமான மதில் வரைவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். கட்டியது யார், நிற்பது யார் என்பதற்குக் கதையில் பதில் வேண்டும்.

கான்ஸ்டான்டிநோபிளே இந்தக் கணக்கில்தான் விழுந்தது. ஒட்டோமான் துருக்கியர் முற்றுகையிட்ட 1453இல் கடல் பக்கமும் சேர்த்து மொத்த மதில் சுமார் 20 கிலோமீட்டர். காக்க இருந்தவர்கள் 7,000 பேர் அளவில். வெசெக்ஸ் கணக்குப்படி 16,000 பேர் வேண்டும். ஆள் போதாததால் நிலப்பக்கத்தில் வெளிமதிலில் மட்டும் நின்றார்கள். பின்னால் அவ்வளவு உயரமான உள்மதில் கிட்டத்தட்ட ஆளில்லாமல் நின்றது.

எப்போதும் அதே இடம்

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். தளபதி எந்தப் பக்கம் அடிப்பான்?

நிலப்பக்க மதிலின் நடுவே ஒரு தாழ்வு இருக்கிறது. லைகஸ் என்ற சிறு ஓடை அந்தத் தாழ்வின் வழியாக வந்து, மதிலுக்கு அடியில் கட்டிய மதகு வழியே நகரத்துக்குள் நுழைந்தது. நீர் வர வேண்டுமென்றால் நிலம் தாழ்ந்திருக்க வேண்டும். நிலம் தாழ்ந்தால் மதிலும் தாழும். அங்கே மதில் மற்ற இடத்தில் இருக்கும் அதே உயரம்தான், ஆனால் வெளியே இருக்கும் மேட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு அது கீழே தெரிகிறது. 626இல் அவார்களின் தலைவன் அந்தப் பகுதியைத்தான் அடித்தான். 1422இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் முராத் அங்கேதான் அடித்தார். 1453இல் அவருடைய மகன் இரண்டாம் மெஹ்மத் தன் பெரிய பீரங்கிகளை நிறுத்தியதும் அந்தத் தாழ்வுக்கு எதிரேதான். மே 29 விடியற்காலையில் மதில் உடைந்து படை உள்ளே வந்ததும் அங்கேதான்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இந்த மூவரும் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தேர்ந்தெடுத்தது ஓடை என்றுகூடச் சொல்லலாம். இந்தப் பகுதியை எழுதும்போது என் முதல் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் நிலம் என்பதே இல்லை. வெள்ளைத் தாள், அதன் மேல் மதில்.

இன்னொரு பலவீனம் வடமேற்கு மூலை. பிளாக்கர்னே என்ற அந்தப் பகுதி முதலில் பெரிய மதிலுக்கு வெளியே இருந்தது. அவார்கள் வந்து போன பிறகு 627இல் பேரரசர் ஹெராக்ளியஸ் அங்கே ஒரு மதில் கட்டினார். 813இல் ஐந்தாம் லியோ அதன் முன்னால் இன்னொன்று. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் மானுவேல் அங்கிருந்த அரண்மனையைக் காக்க வேறொன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பயத்துக்குப் பின் போட்ட ஒட்டு. கனமாகக் கட்டினார்கள், ஆனால் மற்ற பகுதியில் இருந்த மூன்றடுக்கு அங்கே தொடரவில்லை. வரைபடத்தில் உயிர் வருவது இப்படிப்பட்ட ஒட்டுகளால்தான். ஒரே ஆள் ஒரே நாளில் யோசித்தது போன்ற மதில் பழைய நகரங்களில் அரிது. பாரிஸில் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய புது மதில், நகரம் வேகமாக வளர்ந்த வலது கரையை மட்டும்தான் சுற்றியது. இடது கரை அதற்கு 150 ஆண்டு முந்தைய மதிலோடேயே இருந்தது.

மூன்றாவது பலவீனம் நீர்ப்பக்கம். மர்மரா பக்கம் நீரோட்டமும் காற்றும் கப்பல்களை மதிலருகே நிற்க விடாது. தங்கக் கொம்பில் நீர் அமைதியானது. அதனால் அதன் வாயில் இரும்புச் சங்கிலி கட்டினார்கள். சங்கிலி இருந்தவரை அந்தப் பக்கத்து ஒற்றை மதில் போதும். 1203இல் சிலுவைப் படை எதிர்க்கரையில் சங்கிலியின் முனையைக் காத்த கலாட்டா கோபுரத்தைப் பிடித்துச் சங்கிலியை அறுத்தது. 1204 ஏப்ரலில் வெனிசுக் கப்பல்களின் பாய்மரங்களிலிருந்து மதில் மேல் பாலம் போட்டு இறங்கினார்கள். நிலப்பக்கத்து மூன்றடுக்கு மதிலை அவர்கள் உடைக்கவே இல்லை.

மறுபடி வரைந்தது

இந்தத் தடவை முதலில் உயரக்கோடுகள். அப்புறம் ஆறு, குன்றிலிருந்து ஆற்றுக்கு ஓடும் ஒரு சிற்றோடை. அப்புறம் சாலைகள், ஏனென்றால் வாசலை முடிவு செய்வது சாலை, திசை இல்லை. கடைசியாகத்தான் மதில். ஆறு தெற்கையும் கிழக்கையும் பார்த்துக்கொண்டது. மேடுகளைப் பிடித்து வளைந்து போனதில் சுற்றளவு 5 கிலோமீட்டர் ஆனது, அதில் பாதி நிலப்பக்கம், பாதி ஆற்றுப்பக்கம். நிலப்பக்கத்து இரண்டரை கிலோமீட்டருக்கு 45 கோபுரங்கள். நான்கு வாசல் மூன்றானது. அகழிக்குப் பாலம் உள்ளவை அந்த மூன்றும்தான். மற்றபடி நடுவிலிருக்கும் திறந்தவெளிக்கு மட்டும் போக இரண்டு திட்டிவாசல்கள். கான்ஸ்டான்டிநோபிளிலும் பொதுமக்கள் வாசல் வேறு, பாலமே இல்லாமல் மதில்களுக்கு நடுவே மட்டும் திறக்கும் படைவாசல் வேறு.

உள்ளே பழைய நகரத்தின் சிறிய மதில் ஒன்று, பாதி இடிந்து, வீடுகள் அதன் மேல் சாய்ந்தபடி. அதற்கும் புது மதிலுக்கும் நடுவே தோட்டங்களும் இரண்டு குளங்களும். சமாதான காலத்தில் கோபுரங்களின் கீழறைகள் என்ன ஆகும் என்று நண்பர் கேட்டார். தியோடோசியஸ் காலத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது: யார் நிலத்தில் மதில் போகிறதோ அவர்கள் கோபுரத்தின் கீழ்த்தளத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், பழுது பார்க்கும் பொறுப்பும் அவர்களுடையதுதான். இதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அவருடைய நாயகியின் அப்பா இப்போது ஒரு கோபுரத்தில் வெங்காயம் சேமிக்கிற தோட்டக்காரர். தியோடோசியஸ் மதிலின் அகழியில் இன்றைக்கும் காய்கறி விளைகிறது, மதிலின் தெற்கு முனையில் இருக்கும் யெதிகுலே பக்கத்துக் கீரைத் தோட்டங்கள் பெயர் பெற்றவை. அதனால் எங்கள் அகழியின் பழுப்புப் பகுதியிலும் கொஞ்சம் பச்சை சேர்த்தேன்.

கதையில் நெருப்பை வீசும் மந்திரவாதிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பீரங்கியாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். 1453இல் மெஹ்மதுக்காக ஓர்பான் என்ற வார்ப்பாளர் வார்த்த பெரிய பீரங்கி பல நூறு கிலோ எடையுள்ள கற்குண்டுகளை எறிந்தது. மதில் இடிந்த இடத்தில் காவலர்கள் மரமும் மண்ணும் மண் நிரப்பிய பீப்பாய்களும் அடுக்கித் தடுப்பு எழுப்பினார்கள். கல் நொறுங்கியது, மண் குண்டை விழுங்கிக்கொண்டது. ஆகவே மந்திரவாதிகள் அதிகமாக இருக்கும் உலகத்தில் உயரமான மெல்லிய கல்மதில் நிலைக்காது. தாழ்வாக, கனமாக, மண் அடைத்ததாக மாறும். நண்பர் மந்திரவாதிகளின் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்துவிட்டார், மதில் உயரமாகவே இருக்கட்டும் என்று.

ஆள் கணக்கைத் திரும்பப் போட்டேன். நிலப்பக்கத்து இரண்டரை கிலோமீட்டரில் ஒரே நேரத்தில் நிற்க 2,000 பேர். அவர்கள் தூங்கும்போது மாற்றாக நிற்க இன்னொரு 2,000. அத்தோடு 4,000 முடிந்தது. ஆற்றுப்பக்கத்துக்கு ஒருவர்கூட மிச்சமில்லை. அங்கே சிறுவர்களும் முதியவர்களும்தான் நிற்க வேண்டும், அவர்களை நம்பவைப்பது ஆறும் ஒரு சங்கிலியும். இந்தக் கணக்கைச் சொன்னபோது நண்பர் நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்போ ஓடைப் பக்கம் இல்லைண்ணா, எல்லாரும் ஓடையையே பாத்துக்கிட்டு இருக்கும்போது ஆத்துப் பக்கமா வர்றாங்க” என்றார்.

ஓடை நுழையும் தாழ்வில் மதகையும் அதன் இரும்புக் கம்பித் தடுப்பையும் வரைந்து முடித்துவிட்டேன். சங்கிலியை இன்னும் வரையவில்லை. ஆற்றின் எதிர்க்கரை யார் கையில் இருக்கிறது என்று அவர் முடிவு செய்த பிறகுதான் அதன் மறுமுனையை எங்கே கட்டுவது என்று சொல்ல முடியும்.